ஒன்றரை ஷிஃப்ட்டுக்கு ஒரு பள்ளி

பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பக்கம் எப்படி வந்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சின்னப் பிள்ளைங்கன்னா உங்களுக்கு ரொம்பப் பிரியம் போல!" ஆமாம் என்று சிரித்துவைப்பது சுலபம். பல வருடம் அப்படித்தான் சிரித்துவைத்தேன். ஊரார் பிள்ளைகளை நான் மடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது என் மகள் என்னோடு இல்லை. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரியத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1992-ல் கல்யாணம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வந்தேன். அவர் ஓவர்லாக் டெய்லர். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஆனால் பனியன் கம்பெனியில் அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கைமடியாகச் சேர்ந்து, ஒரு வருடத்தில் செக்கிங் டேபிளுக்கு வந்தேன். கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, பிசிறு தொங்குகிறதா என்று ஒவ்வொரு பீஸாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒரு ஷிஃப்ட் ஐந்தரைக்கு முடியும். ஆனால் ஒரு ஷிஃப்ட் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் ஒன்றாக வராது. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தே ஆக வேண்டும். இரவு எட்டரை. ஏற்றுமதிக்கு அவசரம் என்றால் நள்ளிரவும் தாண்டும்.

1994-ல் மகள் பிறந்தாள். பதினான்கு மாதம் வரை எப்படியோ ஓட்டினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி, அவர் ஊருக்குப் போனபிறகு பாதி நாள் லீவு, லீவுக்கு லீவு சம்பளப் பிடித்தம். கடைசியில் என் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். பழைய பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி ஏற்றிவிட்டு நேராக வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் பால் கட்டிக்கொண்டது. செக்கிங் டேபிளில் வெள்ளை பீஸ்கள். ஒரு சொட்டுக் கறைபட்டால் டேமேஜ் கணக்கில் போய்விடும். கட்டிங் வேஸ்ட் துணியை ரவிக்கைக்குள் அடைத்துக்கொண்டு அன்றைக்கும் எட்டரை வரை நின்றேன். யாரும் இருக்கச் சொல்லி மிரட்டவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நினைத்து நானாகத்தான் நின்றேன்.

தொழிற்சாலைகள் சட்டம் என்று 1948-லேயே ஒன்று வந்தது. அதன் 48-ஆம் பிரிவுப்படி அப்போது முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்த இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை இருந்திருக்க வேண்டும். காற்றோட்டம், வெளிச்சம், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் என்றெல்லாம் விவரமாகவே எழுதிவைத்திருந்தார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் எண்பது பெண்களாவது இருந்திருப்போம். அப்படி ஓர் அறையை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்தச் சட்டம் இருப்பதே எனக்குத் தெரியவந்தது என் மகளுக்குப் பத்து வயது முடிந்த பிறகு.

நாங்கள் இருந்தது லைன் வீடு. எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் வாசல், கடைசியில் இரண்டு கக்கூஸ். காலை எட்டு மணிக்குமேல் அந்த வாசலில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் இருப்பார்கள். கொஞ்சம் பெரியவை வாசலில், சின்னவை வீட்டுக்குள், கதவு வெளியே பூட்டியிருக்கும். இதை எழுதினால் எவ்வளவு கல்நெஞ்சக்காரிகள் என்று தோன்றும். ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் ஒரு தட்டில் பொரியும் தண்ணீர் டம்ளரும் வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாவி தாலிக்கொடியோடு சேர்ந்து தொங்கும்.

எங்கள் வரிசையில் ஐந்தாம் வீட்டில் ஒரு பெண்பிள்ளை. ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் எப்போதும் தம்பி. அவனுக்கு ஒன்றரை வயது. ஒருபக்கமாகவே தூக்கித் தூக்கி அவள் நடையே சாய்ந்துபோயிருந்தது. 1998 கோடையில் ஒரு நாள், அவள் கண்ணயர்ந்த நேரத்தில் தம்பி தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்துவிட்டான். காய்ச்சல் என்று நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் அப்பா வந்து மகளைப் பெல்ட்டால் அடித்தார். 'ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்ன பொம்பள?' என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவளுக்கு ஒன்பது வயது என்பதைத் திரும்பவும் எழுதத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. பெரிய திட்டமெல்லாம் கிடையாது. வரிசையில் இருந்த ஏழு பிள்ளைகளை என் வீட்டில் உட்காரவைத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஐந்து ரூபாய், இரவு எட்டரை வரை. செக்கிங்கில் கிடைத்ததைவிடக் குறைவுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். சத்தம் போடத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். "செவுத்தைப் பூரா கரியில கிறுக்கி வெச்சிருக்குதுக. கேட்டாலும் அடங்க மாட்டீங்குதுக. ஏ அம்மணி, நீயி ஒழுங்காப் பாத்துக்கறதுன்னா அந்தக் கடசி ரூமு சும்மாத்தான் கெடக்குது, எடுத்துக்க. வாடக பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

ஐந்தாம் வீட்டுப் பெண் தம்பியை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவள் அப்பாவிடம் அந்த ஐந்து ரூபாயை நான் வாங்கவில்லை. அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அப்போதே கூட்டிவந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவளைத் தனியாகக் கவனிக்க முடியாது, இவளைக் கவனித்தால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று அவரிடம் சொன்ன ஞாபகம் இருக்கிறது. ஊரில் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அவரும் சொன்னார். எட்டு வயதில் வந்தாள். என்னை 'நீங்க' என்றாள். இப்போதும் 'நீங்க'தான்.

கற்றுக்கொடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது 'அ' எழுதிக் காட்டுவது மட்டும்தான். பொருள் வாங்கக் காசில்லாததால் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டேன். திருப்பூரில் எங்கே பார்த்தாலும் நூல் கோன் கிடக்கும். நூல் தீர்ந்துபோன காகிதக் கூம்புகளைச் சாக்குச் சாக்காக வாங்கிவந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், காதில் வைத்து போன் பேசினார்கள், வாயில் வைத்து ஊதினார்கள், எண்ணினார்கள். கட்டிங் வேஸ்ட்டில் நிறம் பிரித்தார்கள். ஒரே நீலத்தில் ஆறு சாயல் இருக்கும். அதை வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை வரிசையாக வைப்பதற்கு மூன்று வயதுப் பிள்ளை அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பொத்தான், புளியங்கொட்டை, எலாஸ்டிக் துண்டு என்று எல்லாமே பாடமாயிற்று. பின்னால் மழலையர் கல்விப் பயிற்சியில் சேர்ந்தபோது, பளபளக்கும் மரக் கட்டைகளையும் நிறப் பலகைகளையும் காட்டி மாண்டிசோரி அம்மையாரின் முறை என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீலத்தில் வரிசை வைப்பது அங்கேயும் இருந்தது.

அந்தப் பயிற்சி எனக்குப் பெரிய திறப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் போய்வருவேன். சுவரில் மாண்டிசோரியின் படம் மாட்டியிருக்கும். வெள்ளை முடி, சாந்தமான முகம், உலகத்துக்கே பாட்டி மாதிரி. 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் அவர் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார் என்று எழுதிப்போட்டார்கள். ஏன் அங்கே என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது கூலிக்காரர்கள் குடியிருந்த அடுக்குக் குடியிருப்பு. அம்மா அப்பா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் படிக்கட்டுகளில் சுற்றிச் சுவரெல்லாம் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவர் கெடக் கூடாது என்று கவலைப்பட்ட கட்டட நிறுவனத்தார்தான் ஓர் அறை கொடுத்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கார அம்மாவை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது அதற்கடுத்த பக்கங்களில். மாண்டிசோரிக்கு 1898-ல் ஒரு மகன் பிறந்தான். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் அது வெளியே தெரிந்திருந்தால் மருத்துவர் என்ற பெயரும் வேலையும் போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர விட்டார். அவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டபோது அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். உலகத்துக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்த வருடங்கள் எல்லாம் மகன் பக்கத்தில் இல்லாத வருடங்கள். பிறகு அந்த மகனையே துணையாக அழைத்துக்கொண்டு 1939-ல் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி நடத்த வந்தார். எங்கள் வகுப்பில் இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை வந்ததே அப்போதுதான்.

இன்னொருத்தர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் கல்யாணம், ஆறே மாதத்தில் விதவை. படித்து ஆசிரியையாகி, தாராபாய் மோடக்கோடு சேர்ந்து 1945 முதல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பால்வாடி நடத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையா, அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். முற்றம் என்றால் அங்கன். நாம் இன்றைக்குச் சொல்லும் அங்கன்வாடி என்ற பேரெல்லாம் அப்படி வந்ததுதான். கைக்குழந்தை, நடை பழகிய குழந்தை, பெரிய வகுப்புப் பிள்ளை எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிகிற பெண்பிள்ளை அப்போதுதான் பாடத்தில் உட்கார முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது பெல்ட் சத்தத்தில் தெரிந்தது.

2001-ல் பின்பக்கம் ஒரு காலி இடத்தை வாடகைக்கு எடுத்துக் கீற்றுக் கொட்டகை போட்டேன். நாற்பது பிள்ளைகள். வெயிலுக்குக் கீற்றைப் போலக் குளுமை எதுவுமில்லை. ஒட்டினாற்போலவே சமையல், கேஸ் அடுப்பு. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் என் கொட்டகையைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து கூரை ஐந்தடி. அதுவரை ஒருநாளும் அப்படி அளந்து பார்த்ததில்லை. அன்று இரவே ஆள் வைத்துக் கீற்றைப் பிரித்தோம். சிமெண்ட் ஷீட் போடத் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் இருந்தேன். மாமியார் ஆறு மாதம் பேசவில்லை. அந்தக் கொடியை மீட்டேனா என்று கேட்காதீர்கள். கயிறு கழுத்தை அறுக்காமல் லேசாக இருந்தது.

அங்கீகாரத்துக்கு அலைந்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு நினைவில் நிற்பது ஒரு விஷயம். டிரஸ்ட் பத்திரம் எழுதியவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, தாளாளர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டுக் கொண்டுவந்தார். கேட்டால் "அது வழக்கம்ங்க" என்றார். முத்திரைத்தாள் வீண் என்று என் கணவரே சமாதானம் சொன்னார். புதுத் தாள் வாங்கித் திரும்ப எழுதவைத்தேன். பல அலுவலகங்களில் இன்றும் என்னைப் பார்த்துக்கொண்டே, "தாளாளர் சார் வரலீங்களா?" என்பார்கள்.

பெற்றோரோடு நடந்த சண்டை பெரும்பாலும் நோட்டைப் பற்றித்தான். மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டு எலும்புகளில் பாதிகூட இன்னும் இறுகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் எழுதவைப்பது வன்முறை என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். ஒரு அம்மா எழுந்து, "டீச்சர், நான் கைநாட்டு. என் புள்ள எழுதறத நான் பாக்கணும்ல" என்றார். மணிக்கட்டு எலும்பைப் பற்றி அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை. சமரசம் செய்துகொண்டேன். யு.கே.ஜி.யில் நோட்டு உண்டு, எல்.கே.ஜி.யில் கிடையாது. சில வருடம் அதையும் மீறினேன். பக்கத்தில் புதிதாகத் திறந்த பள்ளியில் கோட்டும் டையும் நோட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அங்கே போனார்கள். நானும் டை வாங்கினேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதற்குமேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. இதுவரை எழுதியதில் நான் நல்லவளாகத்தான் வருகிறேன்.

ஐந்தாம் வீட்டுப் பெண் பத்தாவது வரை படித்தாள். பிறகு கம்பெனி, கல்யாணம், ஒரு குழந்தை. 2010-ல் என்னிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். கழுவிவிடுவது, ஊட்டுவது, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பது. அவள் தோளுக்கு மட்டும் அடங்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளி எட்டரை வரை ஓடியது அவளால்தான். ஆறு மணிக்கு டீச்சர்கள் போய்விடுவார்கள், அவளும் நானும் இருப்போம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். 2013-ல் ஐயாயிரம் கேட்டாள். கட்டணம் ஏற்றினால் பிள்ளைகள் போய்விடுவார்கள், இது கம்பெனி இல்லை, சேவை, நீயே பார்க்கிறாயே என்று நான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்பவும் சும்மாதான் பாத்தேன். இப்பவும் பாதி சும்மாதானக்கா பாக்குறேன்" என்றாள். அடுத்த மாதம் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு.

முதலில் எனக்கு வந்தது கோபம். நன்றிகெட்டவள் என்று அவரிடம் சொன்னேன். படிக்கவைத்தேன், டிரம்மிலிருந்து தம்பியை எடுத்தேன் என்று பட்டியல் போட்டேன். அரசாங்கம் அங்கன்வாடிப் பெண்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று சொல்வதை மேடையேறித் திட்டியவள் நான். 1975-ல் ஆரம்பித்த திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆயிற்று என்று பிற்பாடு ஆத்திரமாக எழுதியவளும் நான்தான். பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு ரத்தத்திலேயே வரும் என்று சொல்லித்தான் அந்த வேலையை மலிவாக வாங்குகிறார்கள். என் வாயில் அது 'சேவை' என்று வந்தது, அவ்வளவுதான்.

அந்த ஜூனில் கட்டணத்தை ஏற்றினேன். கணக்கு நோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் விரித்துவைத்து, யாருக்கு எவ்வளவு போகிறது என்று காட்டினேன். பதினொரு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் நான்கு பேர் மறுபடி பூட்டிய வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை எந்த நோட்டில் எழுதுவது? கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய ஆறு வருடத்தை ஒரு தாய், ஒரு அக்கா, ஒரு ஆயா என்று யாரோ மூன்று பெண்கள் தங்கள் கூலியிலிருந்து கழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும்கா, இங்க பி.எஃப். பிடிக்கிறாங்க" என்றாள். தன் மகனை மட்டும் என்னிடம் விட்டாள். முழுக் கட்டணமும் கட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

என் மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். போன வருடம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதமே நான் போய் நின்றேன். பள்ளியை ஆறு மாதம் டீச்சர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். குரலில் கோபம் இல்லை. "உங்க ஸ்கூல்ல நான் ஒருநாள்கூட உக்காந்ததில்லம்மா. எம்புள்ளைக்காக நீங்க அத விட்டுட்டு வரணுமா?" என்று மட்டும் கேட்டாள். அது குற்றச்சாட்டா கரிசனமா என்று திருப்பூர் வரும்வரை யோசித்தேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அவள் கம்பெனியில் உண்மையிலேயே அப்படி ஓர் அறை இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். மஞ்சள் சுவர், தரையில் மெத்தை, ஜன்னலோரம் பொம்மைகள். பேத்தி பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நீலப் புடவையில் ஒரு பெண், வேறொரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள் மகள்.

நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு, "அந்த அக்காவுக்கு அங்க என்ன சம்பளம் குடுக்குறாங்க?" என்றேன்.

"தெரியலயே" என்றாள். திரும்பி அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள்.

"கேட்டுச் சொல்லு."

"இப்பவா?"

"அது தோள்ல கெடக்குற பிள்ளை தூங்கட்டும். அப்புறம் கேளு."